சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மாதவிடாய் உள்ளாடை: தையலை எங்கே வைப்பது?

கேள்வி (தையற்காரி, புதுக்குடியிருப்பு):
2009இல் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டதிலிருந்து என் தங்கைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மாதவிடாய் நாட்களில் உள்ளாடை மாற்ற ஒவ்வொரு முறையும் அவளைக் கட்டிலுக்குத் தூக்க வேண்டும். இரு பக்கமும் திறக்கும்படி ஒன்று தைத்துக் கொடுத்தேன். வெல்குரோவின் முரட்டுப் பக்கம் இடுப்போரத்தை உரசிச் சிவக்க வைத்துவிட்டது. அவளுக்கு அது தெரியவே இல்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை.

பதில் (கிளிநொச்சி):
அக்கா, நானும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளிறாவிட்டால் அது அழுத்தப்புண்ணின் தொடக்கம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். திறப்பை முன்புறம், தொடைக்கு மேலே கொண்டுவாருங்கள். முரட்டுப் பக்கம் தோலைப் பார்க்கவே கூடாது. உட்காரும் எலும்புகளின் கீழும் வால் எலும்பிலும் ஒரு தையலும் வேண்டாம். உறிஞ்சும் துணியைப் பின்பக்கம் உயர்த்தித் தையுங்கள். உட்கார்ந்தே இருப்பவர்களுக்குக் கசிவு பின்னால்தான் போகும்.

பதில் (முல்லைத்தீவு):
விரலில் வலுவில்லாதவர்களுக்கு ஓரத்தில் பெருவிரல் நுழையும் நாடா வளையம் வையுங்கள். நம் வெயிலுக்குப் பருத்திதான் சரி.

கேட்டவர்:
அழுத்தினால் வெளிறுகிறது, நிம்மதி. இம்முறை அவள் உட்கார்ந்திருக்கும்போதே அளவெடுத்தேன். நின்ற அளவோடு ஒத்துவரவே இல்லை. இன்றே வெட்டுகிறேன்.