எஸ்.இ.ஐ.ஆர். மாதிரி 25 நாள் தரவோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. 75ஆம் நாளில் தொற்றாதோர் எண்ணிக்கை சுழியத்துக்குக் கீழே போகிறது. எங்கே தவறு?

புதுவிரிதாள்:
வணக்கம். 10 லட்சம் மக்களுக்கான நோய்ப்பரவல் கணக்கை எஸ்.இ.ஐ.ஆர். முறையில், அதாவது தொற்றாதோர், தொற்று மறைந்திருப்போர், பரப்புவோர், மீண்டோர் என்ற நான்கு பத்திகளாக எக்செலில் போட்டிருக்கிறேன். நாளுக்கு ஒரு வரி. தொற்று உள்ளே மறைந்திருக்கும் காலம் 3 நாள், பிறருக்குப் பரப்பும் காலம் 5 நாள், அடிப்படைப் பரவல் எண் (தொடக்கத்தில் ஒரு நோயாளி மொத்தம் எத்தனை பேருக்குப் பரப்புவார் என்பது) 2.5, தொடக்கத்தில் 20 நோயாளிகள். முதல் 25 நாள்களின் உண்மையான எண்ணிக்கை மாதிரியின் கோட்டின் மேலேயே விழுகிறது. ஆனால் 75ஆம் நாளை ஒட்டி ‘இன்னும் தொற்றாதோர்’ பத்தியில் எதிர்மறை எண் வருகிறது. எத்தனை படுக்கைகள் தேவைப்படும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம் என்று ஒரு நிபந்தனை போட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பது போலாகும். நான்கு பத்திகளையும் கூட்டி ஐந்தாவதாக ஒரு பத்தி வையுங்கள். எல்லா வரியிலும் சரியாக 10 லட்சம் வருகிறதா? புதிய தொற்றுக்கான சூத்திரத்தையும் இங்கே இடுங்கள்.

புதுவிரிதாள்:
கூட்டல் எல்லா வரியிலும் 10 லட்சம்தான். சூத்திரம்: பீட்டா × தொற்றாதோர் × பரப்புவோர் ÷ மொத்த மக்கள்தொகை. பீட்டா என்பது ஒரு நோயாளி நாளுக்கு எத்தனை பேருக்குப் பரப்புவார் என்பது; 2.5 ÷ 5 = 0.5. 40ஆம் வரியில் இருப்பது: ‎=$H$1*$B$2*D40/$H$2

கணக்குப்பிள்ளை:
பிடிபட்டது. தொற்றாதோர் கட்டத்துக்கும் டாலர் குறி போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள். பீட்டாவையும் மக்கள்தொகையையும் பூட்டுவது சரி. இதைப் பூட்டியதால் 40ஆம் நாளிலும் 70ஆம் நாளிலும் சூத்திரம் முதல் நாள் எண்ணையே எடுக்கிறது. விறகு தீர்ந்துகொண்டே வருவது நெருப்புக்குத் தெரியவில்லை. $B$2 இருக்கும் இடத்தில் B40 என்று எழுதிக் கீழே இழுங்கள்.

முதல் 25 நாள் ஏன் பொருந்தியது என்பதையும் கவனியுங்கள். அதுவரை 10 லட்சத்தில் மிகச் சிலருக்கே தொற்றியிருந்தது. தொற்றாதோர் எண்ணிக்கை அசையவே இல்லாதபோது பூட்டினாலும் ஒன்று, பூட்டாவிட்டாலும் ஒன்று. தொடக்கக் கட்டத்தில் தப்பான மாதிரியும் சரியான மாதிரியும் ஒரே கோட்டைத்தான் வரையும்.

புதுவிரிதாள்:
மிக்க நன்றி! இப்போது கோடு ஏறி இறங்குகிறது. உச்சத்தில் பரப்புவோர் ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறார்கள். அதில் 4 விழுக்காட்டினருக்குப் படுக்கை என்றால் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இதை எழுதிக்கொடுத்துவிடலாமா?

ஆமைவேகம்:
பொறுங்கள். பரப்புவோர் பத்தியில் ஒருவர் 5 நாள்தான் இருக்கிறார். படுக்கையில் எத்தனை நாள் இருப்பார்? 10 நாள் என்றால் உங்கள் கணக்கு ஏறக்குறைய பாதியைத்தான் காட்டுகிறது. நாள்தோறும் புதிதாக நோயுறுவோரில் 4 விழுக்காட்டை எடுத்து, சேர்க்கைக்கு ஆகும் தாமதத்தைக் கொடுத்து, தங்கும் நாள்களால் பெருக்க வேண்டும். உச்சம் 10 நாளும் ஒரே உயரத்தில் நிற்காது என்பதால் சரியாக இரண்டு மடங்காகாமல் கொஞ்சம் குறையும். படுக்கைக்கென்று தனிப் பத்தி வைத்து, சேர்க்கையைக் கூட்டி, வீடு திரும்புவோரைக் கழிப்பது இன்னும் நல்லது.

சிறு குறிப்பு: வரிக்கு ஒரு நாள் என்பது முரட்டுத்தனமான நடை. கால் நாளாக்கிப் பாருங்கள். அதே எண்களுக்கு இரட்டிப்புக் காலம் 5 நாளிலிருந்து 4.8ஆக இறங்கும்.

நிழற்குடை:
இதற்கெல்லாம் இவ்வளவு பாடா? 2014இல் எபோலாவுக்கு 14 லட்சம் பேர் என்று கணித்தார்கள். வந்தது சுமார் 28,600. மாதிரி என்பது எண்களில் எழுதிய ஜோதிடம்.

ஆமைவேகம்:
அந்த 14 லட்சம், லைபீரியா, சியரா லியோன் இரண்டிலும் எதுவுமே மாறாவிட்டால் 2015 ஜனவரிக்குள் என்னாகும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் போட்ட கணக்கு. பதிவாகாத நோயாளிகளுக்காக எண்ணிக்கையை 2.5 மடங்காக்கிச் சொன்னது அது. பதிவாகும் எண்ணிக்கை மட்டும் என்றால் 5.5 லட்சம். அதே கணக்கு, போதுமானவர்களைத் தனிமைப்படுத்தி, இறந்தோரின் அடக்கத்தையும் பாதுகாப்பாகச் செய்தால் பரவல் அடங்கும் என்றும் காட்டியது. 5.5 லட்சமும் வரவில்லைதான், மறுக்கவில்லை. ‘மாறாவிட்டால்’ என்ற சொல்லை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினால் ஜோதிடமாகத்தான் தெரியும்.

புதுவிரிதாள், உங்களுக்கு வேறு ஆபத்து இருக்கிறது. பரப்பும் காலத்தை 10 நாளாக்கி, பரவல் எண்ணை 3.56 ஆக்கிப் பாருங்கள்.

புதுவிரிதாள்:
பார்த்தேன். ஐயோ, வளர்ச்சி வேகம் அப்படியே இருக்கிறது, நாளுக்கு 14.7 விழுக்காடு. 25 நாள் தரவோடு இதுவும் பொருந்துகிறது! ஆனால் பரவல் தானாக இறங்கத் தொடங்க 60 விழுக்காட்டினருக்குத் தொற்றினால் போதும் என்பது 72 விழுக்காடாகிவிட்டது. உச்சமும் வேறு. எது சரி?

கணக்குப்பிள்ளை:
உங்கள் தரவால் அதைச் சொல்ல முடியாது. ஏறுமுகத்தில் இருக்கும் எண்ணிக்கை வளர்ச்சி வேகம் ஒன்றைத்தான் காட்டிக்கொடுக்கும். பீட்டா எவ்வளவு, பரப்பும் காலம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதற்கு யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை நாளில் தொற்றியது என்ற தடமறிதல் விவரம் வேண்டும். அது கிடைக்கும்வரை உச்சத்தை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். இரண்டு கோடுகளையும் போட்டு இடைவெளியைக் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை உங்களிடம் கேட்கப்போவது உச்சமா? ஒரு கூடுதல் வார்டைத் திறக்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரியுங்கள். 10 நாள் என்றால், இரட்டிப்புக் காலம் 5 நாளாக இருக்கும்போது தேவை அதற்குள் 4 மடங்காகும். ஆகவே கால்வாசிப் படுக்கை நிரம்பும் நாளிலேயே முடிவெடுத்தாக வேண்டும். பாதி நிரம்பட்டும் என்று காத்திருந்தால் வார்டு திறப்பதற்கு 5 நாள் முன்பே இடம் தீர்ந்துவிடும். இதற்குப் பரவல் எண்ணே வேண்டாம். வளர்ச்சி வேகம் போதும், அது உங்களிடம் இருக்கிறது.

புதுவிரிதாள்:
வார்டுக்கு 12 நாளாம். அப்படியென்றால் ஐந்து மடங்குக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு நிரம்புவதற்குள் முடிவெடுக்க வேண்டும். தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் மேலதிகாரி, கடைசி நான்கு நாளாக எண்ணிக்கை இறங்குகிறதே என்கிறார்.

ஆமைவேகம்:
எண்ணிக்கை எந்தத் தேதியின் கீழ் இருக்கிறது? அறிகுறி தொடங்கிய நாளா, அறிக்கை வந்த நாளா?

புதுவிரிதாள்:
அறிகுறி தொடங்கிய நாள்.

ஆமைவேகம்:
அப்படியானால் அந்த நாள்களில் நோயுற்ற பலர் இன்னும் பரிசோதனைக்கே வந்திருக்க மாட்டார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் பரவலிலும் கடைசி நாள்கள் இப்படித்தான் இறங்கித் தெரியும். சென்ற வாரம் அனுப்பிய கோப்பு இருக்கிறதா? அன்று கடைசி நான்கு நாளுக்கு இருந்த எண்களை, அதே தேதிகளுக்கு இன்று இருக்கும் எண்களோடு ஒப்பிடுங்கள்.

புதுவிரிதாள்:
ஒப்பிட்டேன். சென்ற வாரமும் இதே சரிவுதான் தெரிந்திருக்கிறது. இன்று அந்த இடத்தில் ஏற்றம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்கு அனுப்பிவிட்டேன்.