மோட்டாரின் ஒலி கேட்காத ஆய்வக வகுப்பு

கோவைப் பகுதியிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மின் இயந்திரங்கள் பாடத்தையும் அதன் ஆய்வகத்தையும் நடத்தி வருகிறேன். 2020 மார்ச் நடுவில் கல்லூரிகள் மூடப்பட்டபோது இரண்டாமாண்டு மாணவர்கள் பாதிச் சோதனைகளைக்கூட முடித்திருக்கவில்லை.

கோட்பாட்டு வகுப்புகளை ஒருவாறு சமாளித்தோம். புத்தக அடுக்கின் மேல் கைபேசியைக் கவிழ்த்து வைத்து, வெள்ளைத் தாளில் சமன்பாடுகளை எழுதிக் காட்டினேன். நிரலாக்கம் கற்பிக்கும் நண்பர், மாணவர் திரையைப் பகிர்ந்தால் பிழை எந்த வரியில் இருக்கிறதென்பது வகுப்பு முழுவதற்கும் தெரிவதால், தம் பாடத்துக்கு இணையவழியே மேல் என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

என் பாடம் அப்படிப்பட்டதன்று. டி.சி. ஷண்ட் மோட்டார் என்னும் நேர்மின்னோட்ட மோட்டாரின் சுமைச் சோதனையில், காந்தப்புலச் சுருளின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்தடையான ஃபீல்டு ரியோஸ்டாட் குறைந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே, தொடக்க மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்ட்டரின் கைப்பிடியை மெல்ல நகர்த்த வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். மோட்டாருக்குச் சுமையேற்றும் பெல்ட்டை இறுக்க இறுக்க, அது உராயும் பிரேக் டிரம் சூடேறும். அதன் உட்புறம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அளவீடுகளைக் குறிக்க வேண்டும். அனுமதி பெற்று ஒருநாள் ஆய்வகத்துக்குச் சென்று, உதவியாளர் கைபேசியைப் பிடித்துக்கொள்ள, இவை அனைத்தையும் நேரலையில் செய்து காட்டினேன். “சார், மோட்டார் ஓடுகிறதா?” என்று ஒரு மாணவி கேட்டார். சீரான இரைச்சலை வேண்டாத ஒலியென்று செயலி வடிகட்டிவிடுவதால், சுமையேறும்போது மாறும் அந்த ஒலி யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அளவீடுகளையும் நானே கொடுத்ததால், எல்லாப் பதிவேடுகளிலும் ஒரே வரைபடம் வந்தது. அவற்றில் கையொப்பமிட்டது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அந்த மாணவி வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து படித்தவர். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா வழங்கியது பலருக்குப் பேருதவியாக இருந்தது. ஆனால் அவருடைய வீட்டில் சிக்னலே கிடைக்காததால், மேட்டுச் சாலை வரை நடந்து சென்றுதான் வகுப்பில் சேர்ந்தார். ஆயினும் இணையவழி வாய்மொழித் தேர்வில், மோட்டார் சுழலும்போது அதனுள் எதிர்த்திசையில் உருவாகும் மின்னழுத்தமான பேக் இ.எம்.எஃப். தொடக்கத்தில் இல்லாததால்தான் ஸ்டார்ட்டர் தேவைப்படுகிறது என்பதை அவரைப்போல் தெளிவாக வேறு எவரும் சொல்லவில்லை.

2021 பிப்ரவரி 8 அன்று எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரிகள் திறக்கப்பட்டன. விடுபட்ட சோதனைகளுக்காக, மூன்றாமாண்டுக்குப் போய்விட்ட அவர்களை மாலை நேரங்களில் ஆய்வகத்துக்கு அழைத்தேன். கைப்பிடியைப் பற்றியபடியே அம்மாணவி நெடுநேரம் நகர்த்தாமல் நின்றார். நான் அருகில் நின்றேனேயன்றி எதுவும் சொல்லவில்லை. மோட்டார் வேகம் பிடித்தபின் பெல்ட்டை இறுக்கியவர், ஒலி மாறியதும் கையை எடுத்துவிட்டு, “சார், இப்படிச் சத்தம் வரலாமா?” என்று கேட்டார். வரலாம் என்றேன். மறுபடியும் இறுக்கத் தொடங்கினார்.