நுரையீரல் வால்வில் கிரேடியன்ட் ஆறே மாதத்தில் இரட்டிப்பு: தேய்மானம்தானா?

கேள்வி:
வணக்கம். ஃபாலோட் டெட்ராலஜி என்ற பிறவி இதயக் குறைபாட்டுக்குக் கைக்குழந்தையிலேயே ஆபரேஷன் ஆனவர், வயது 19. 6 வருஷத்துக்கு முன் தொடைச் சிரை வழியாக நுரையீரல் வால்வு இடத்தில் 22 மி.மீ. மெலடி என்ற செயற்கை வால்வு வைத்திருக்கிறது. எக்கோவில் வால்வு வழியாக ரத்தம் பாயும் வேகம் விநாடிக்கு 2.4 மீட்டராக இருந்தது, ஆறு மாதத்தில் 3.6. லேசான சோர்வு, எப்போதாவது காய்ச்சல். வால்வு தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு புது வால்வுக்கு ஏற்பாடு செய்யலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். 4 × வேகத்தின் வர்க்கம் என்று போட்டால் கிரேடியன்ட், அதாவது வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம், 23 மி.மீ. பாதரசத்திலிருந்து 52 ஆகியிருக்கிறது. தேய்மானம், சுண்ணாம்பு படிவதெல்லாம் வருஷக்கணக்கில் மெல்ல ஏறும். இப்படித் தாவினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வில் கிருமித் தொற்று, அதாவது எண்டோகார்டைட்டிஸ். மாட்டின் கழுத்துச் சிரையில் செய்த இந்த வால்வில் அந்த ஆபத்து வருஷத்துக்குச் சுமார் 2%. வால்வு இருக்கும்வரை அது தொடரும்.

ஆன்டிபயாடிக் ஒரு மாத்திரைகூடப் போடும் முன் மூன்று தனித்தனி ஊசிக்குத்தலில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை), பாட்டிலுக்கு 8–10 மி.லி. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சாதாரணக் காய்ச்சல் என்று மூன்று நாள் மாத்திரை கொடுத்துவிடுவார்கள், பிறகு கல்ச்சரில் கிருமியே வளராது.

எக்கோவில் வால்வில் ஒட்டிய கிருமித் திரள் தெரியவில்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது. வால்வைத் தாங்கும் கம்பிச் சட்டமான ஸ்டென்ட்டின் நிழல் மறைத்துவிடும். சந்தேகம் நீடித்தால் இதயத்துக்குள்ளிருந்து எடுக்கும் எக்கோ, தொற்று இருக்கும் இடத்தைக் காட்டும் பெட்-சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஸ்டென்ட் முறிவையும் பாருங்கள். நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்-ரே எடுத்து, வால்வு வைத்த நாளின் படத்தோடு ஒப்பிட வேண்டும். கம்பி உடைந்து சட்டம் உள்வாங்கினாலும் பாதை இப்படிக் குறுகும். வால்வு வைக்கும் முன்பே அந்த இடத்தில் வெறும் ஸ்டென்ட் வைத்திருந்தால் இது குறைவு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தொற்று இல்லை என்றானால், உள்ளேயே இன்னொரு வால்வு வைக்கலாம்தானே?

பதில் 1:
வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு வால்வும் விட்டத்தில் கொஞ்சம் தின்னும். 22-ல் தொடங்கியவருக்கு இரண்டாவதுக்கு இடம் கிடைக்கும், மூன்றாவது சிரமம். பலூனை ஊதி அதே நேரத்தில் கொரோனரி (இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாய்) ஆஞ்சியோ எடுப்பதைத் தவிர்க்கவே கூடாது. சுமார் 5% பேருக்குக் கொரோனரி நசுங்கும் அமைப்பு இருக்கும். மெலடி வைத்தவர்களில் 10 வருஷம்வரை மறு சிகிச்சை இல்லாமல் போகிறவர்கள் ஏறக்குறைய 60%, ஆகவே 6-ம் வருஷத்தில் இந்தப் பேச்சு வருவது அபூர்வமில்லை.

பதில் 2:
எண்டோகார்டைட்டிஸ் வராமல் தடுக்க இதையும் மறக்காதீர்கள்: பல் பிடுங்கவோ ஈறு கிழியும் சுத்தம் செய்யவோ போனால், பெனிசிலின் ஒவ்வாமை இல்லாதவருக்கு 30–60 நிமிடம் முன் அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே வேளை.