"எல்லாம் எழுதி வைத்ததுதான்" என்று மாத்திரையை நிறுத்திய நண்பனுக்கு என்ன பதில் சொல்வது?

காயில்காரன் (கோவை):

நாங்கள் நான்கு பேர். எனக்குக் கணபதியில் மோட்டார் வைண்டிங் கடை. ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான், ஒருவர் கணக்கு வாத்தியார், இன்னொருவன் எல்ஐசி ஏஜென்ட். கடை அடைத்த பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும். செத்த பிறகு என்ன, பணம் வந்தால் மனிதன் மாறுகிறானா, கடவுள் இருந்தால் நல்லவனுக்கு ஏன் கேன்சர். டீக்கடை அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்று கேட்பார்.

இப்போது ஓடுவது விதி. ஆட்டோக்காரனுக்குச் சர்க்கரை. மாத்திரையை நிறுத்திவிட்டான். ஏன்டா என்றால், "பிழைக்கணும்னு எழுதியிருந்தா மாத்திரை இல்லாமலே பிழைப்பேன். போகணும்னு எழுதியிருந்தா மாத்திரை போட்டாலும் போவேன். அப்புறம் எதுக்கு மாப்ள தினமும் அந்தக் கருமம்?" என்கிறான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

எரிந்துபோன மோட்டாரைக் கொண்டு வருபவரிடம், "ஓடணும்னு எழுதியிருந்தா தானா ஓடும், எடுத்துட்டுப் போங்க" என்று நான் சொன்னால் சும்மா விடுவாரா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மாத்திரை மட்டும் போடவில்லை. எல்ஐசிக்காரன், "எல்லாரும் உன்னை மாதிரி நினைச்சா என் பொழப்பு என்னடா ஆகும்?" என்று தன் கவலையைச் சொன்னான்.

வாத்தியார் வேறு எரிகிற தீயில் எண்ணெய் விட்டார். கையை அசைக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதற்கு முன்பே மூளை அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறதாம், 1983-லேயே லிபெட் என்ற மூளை ஆய்வாளர் அளந்து காட்டிவிட்டாராம். "பாத்தியா, சயின்ஸே சொல்லுது" என்று ஆட்டோக்காரனுக்கு ஒரே குஷி.

தத்துவம் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி பதில் வேண்டும்.

பழைய லைப்ரரி:

உங்கள் நண்பர் சொன்னதை கிரேக்கர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். "சோம்பேறி வாதம்" என்று பெயர். உதாரணம்கூட அதேதான்: குணமாக வேண்டும் என்று விதி இருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குணமாகும். ரோமானிய அறிஞர் சிசரோ விதியைப் பற்றிய தன் நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இதற்குப் பதில் சொன்னவர் கிறிசிப்பஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி, கி.மு. 3-ம் நூற்றாண்டு. வேடிக்கை என்னவென்றால் அவரும் எல்லாமே விதிப்படிதான் என்று நம்பியவர், அதாவது உங்கள் நண்பரின் கட்சி. ஆனால் விதி தனித்தனிச் சீட்டாக எழுதப்படுவதில்லை என்றார். குணமாவது எழுதப்பட்டிருந்தால், வைத்தியரைக் கூப்பிடுவதும் அதோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். பெஞ்சில் இப்படிக் கேளுங்கள்: "உனக்குக் குழந்தை பிறக்கணும்னு எழுதியிருந்துச்சு, சரி. பொண்டாட்டி பக்கமே போகாம இருந்திருந்தாலும் பிறந்திருக்குமா?" கிரேக்க உதாரணமும் ஏறக்குறைய இதுதான், நான் ஒன்றும் கொச்சைப்படுத்தவில்லை.

புலவர் வீட்டுப் பெண்:

கிரேக்கம் வரை போவானேன்? ஊழ் அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள் (371):

ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள்
போகூழால் தோன்றும் மடி

பொருள் சேர்க்கிற ஊழ் வந்தால் சோர்வில்லாத முயற்சி வரும், இழக்கிற ஊழ் வந்தால் சோம்பல் வரும். முயற்சி ஊழுக்கு எதிரே நிற்பதாகவே வள்ளுவர் இங்கே பேசவில்லை. ஊழ் நமக்குள் வருகிற வழியே அதுதான் என்கிறார். மேடைகளில் ஒரு கட்சி "ஊழிற் பெருவலி யாவுள" (380), ஊழை விட வலியது எது என்று முழங்கும், மறு கட்சி "ஊழையும் உப்பக்கம் காண்பர்" (620), முயன்றால் ஊழையே தோற்கடிக்கலாம் என்று முழங்கும். 371-ஐ யாரும் தொடுவதில்லை, பட்டிமன்றத்துக்கு உதவாது போல.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் நண்பருக்கு நிஜமான கூட்டாளிகள் ஆசீவகர்கள், எல்லாம் நியதிப்படிதான் என்ற பழைய இந்தியத் துறவிகள். மணிமேகலையும் நீலகேசியும் அவர்களோடு வாதாடுகின்றன. அவர்களின் தலைவர் மற்கலி கோசாலர் சொன்னதாகப் பாலி நூல்கள் தரும் உவமை: எறிந்த நூலுண்டை நூல் தீரும்வரை பிரிந்துகொண்டே போகும், அறிவாளியும் மூடனும் அப்படியே பிறவிகளில் சுற்றித் தீர்ப்பார்கள். முயற்சியால் ஒன்றும் ஆகாது என்றவர்கள்தான் கடுந்தவமும் செய்தார்கள். அவர்களே சும்மா உட்காரவில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

காயில்காரன்:

சொன்னேன். குழந்தை உதாரணத்துக்கு டீக்கடை அண்ணனே சிரித்துவிட்டார். இவன் யோசித்துவிட்டு, "அப்ப நான் மாத்திரை போடாததும் சேர்த்துத்தான் எழுதியிருக்கு" என்கிறான்! இதற்கு என்ன செய்வது?

பழைய லைப்ரரி:

கெட்டிக்காரர். அதை மறுக்க முடியாது, விட்டுவிடுங்கள். ஆனால் அவர் இடம் மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? முதலில் சொன்னது "போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்". இப்போது சொல்வது "போடமாட்டேன் என்று எழுதியிருக்கிறது". இரண்டாவதை அவர் வைத்துக்கொள்ளட்டும். முதலாவது போய்விட்டது. மாத்திரையைப் பொறுத்துத்தான் மற்றது நடக்கும் என்று அவரே ஒத்துக்கொண்டார். எழுதியிருப்பது எது என்று போட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

லிபெட் விஷயம்: காரணமே இல்லாமல் தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கச் சொன்ன பரிசோதனை அது. அசைவுக்கு அரை நொடி போல முன்பே மூளையில் மின்மாற்றம் தெரிந்தது. அந்த மாற்றம் முடிவே அல்ல, மூளையில் எப்போதும் இருக்கிற ஏற்ற இறக்கம்தான் சேர்ந்து அப்படித் தெரிகிறது என்று 2012-ல் ஷூர்கர் என்ற ஆய்வாளரின் குழு வேறு விளக்கம் தந்தது. கடைசி நொடியில் வேண்டாம் என்று நிறுத்த முடியும் என்று லிபெட்டே நம்பினார். மாத்திரை போடலாமா என்று யோசிப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

நைட் டியூட்டி சிஸ்டர்:

எல்லாம் சரிங்க, அவர் ஏன் நிறுத்தினார் என்று யாராவது தனியாகக் கேட்டீர்களா? வார்டில் "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்குப் பின்னால் வேறு காரணம் இருக்கும். மெட்ஃபார்மினில் சிலருக்கு வயிறு கெடும். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கும். வண்டி ஓட்டுபவருக்கு அது ஆபத்து. காசுதான் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவு செய்தால் வீட்டுக்கே கொண்டு வந்து தருவார்கள். எந்த மாத்திரை என்று பாருங்கள். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும்.

காயில்காரன்:

சிஸ்டர் சொன்ன மாதிரி ஆட்டோ ஸ்டாண்டில் போய்த் தனியாகக் கேட்டேன். முதலில் விதிதான் வந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னான். காலையில் ஸ்கூல் சவாரி, சாப்பிட நேரமில்லை, மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு ஓடுவானாம். ஒருநாள் பின்னால் குழந்தைகள் இருக்கும்போதே கை நடுங்கி, கண் இருட்டி, ஓரம் கட்டியிருக்கிறான். இதை பெஞ்சில் சொன்னால் வாத்தியார் தன் பிள்ளையை வேறு ஆட்டோவில் அனுப்பிவிடுவாரோ என்று பயம்.

திங்கட்கிழமை டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். ஸ்கூல் சவாரியை இந்த வாரம் எல்ஐசிக்காரனின் தம்பி ஓட்டுகிறான். விதியைப் பற்றிய கட்சியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் வந்து கேட்டதும் எழுதியதுதானாம்.

வாத்தியாரிடம் 2012 கட்டுரையைப் பற்றிச் சொன்னேன், நம்ப மறுக்கிறார். தமிழில் யாராவது அதை விளக்கி எழுதியிருந்தால் லிங்க் போடுங்கள்.