ஒரே விகாரி வைரசு ஒரு பற்றீரியாவில் நின்றுபோகிறது, இன்னொன்றில் பெருகுகிறது. எப்படி?

களுவாஞ்சிக்குடி மாணவி:
உயர்தர உயிரியல் இரண்டாம் தடவை எழுதப்போகிறேன். பற்றீரியாவைத் தாக்கும் ரி4 வைரசின் ஆம்பர் விகாரி (பரம்பரையலகில் பழுதுள்ள ஒரு வகை) ஈ. கோலை என்ற பற்றீரியாவின் பி குலவகைக்குள் போனால் பெருகாதாம், சிஆர்63 குலவகைக்குள் பெருகுமாம். பரம்பரையலகு பழுதென்றால் எங்கே போனாலும் பழுதுதானே? இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

மருதமுனை ஆசிரியர்:
பழுது சரியாகவில்லை தங்கச்சி, முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வைரசிடம் புரதம் கட்டும் இறைபோசோம் இல்லை. தன் செய்தியை வாசித்துப் புரதம் செய்ய விருந்துவழங்கிக் கலத்தைத்தான் நம்பியிருக்கிறது. ஆம்பர் விகாரியின் செய்தியில் நடுவிலே யூஏஜி என்ற மூவெழுத்துக் குறி வந்துவிடும். 'நிறுத்து' என்று அர்த்தம். பி கலம் அங்கேயே நிறுத்தும். அரைப் புரதம் எதற்கும் உதவாது.

என் வாப்பா தறி வைத்திருந்தார். சாரத்தின் கரைக்கு எந்த நிறம் எத்தனை இழை என்று துண்டில் எழுதிக் கொடுப்பார். ஒருமுறை பாதியிலேயே 'முடிவு' என்று எழுதிவிட்டார். ஒருவர் அந்த இடத்தோடு அறுத்துவிட்டார். இன்னொரு மூத்தவர் அங்கே தன் கையில் கிடந்த ஓர் இழையைப் போட்டு மேலே நெய்தார். சிஆர்63 அந்த மூத்தவர். அதன் ரி-ஆர்என்ஏ (அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் மூலக்கூறு) ஒன்று யூஏஜியைக் கண்டால் செரீன் என்ற அமினோ அமிலத்தை வைத்துவிட்டுப் போகும், புரதம் முழுதாக வரும். துண்டில் பிழை அப்படியே இருக்கிறது. அங்கே பிறந்த வைரசைப் பி கலத்துக்குள் விட்டால் மறுபடி நின்றுவிடும்.

களுவாஞ்சிக்குடி மாணவி:
இப்போது விளங்குகிறது சேர். ஆனால் மூத்தவர் எல்லாத் துண்டிலும் 'முடிவை'த் தாண்டினால் சரியான சாரங்களும் நீண்டுபோகாதா?

மருதமுனை ஆசிரியர்:
மிக நல்ல கேள்வி. ஈ. கோலை தன் சொந்தப் புரதங்களைப் பெரும்பாலும் யூஏஏ என்ற வேறொரு 'நிறுத்து' குறியில்தான் முடிக்கும், யூஏஜி குறைவு. சிஆர்63உம் ஒவ்வொரு முறையும் தாண்டுவதில்லை. அதனால் கலம் தாங்கிக்கொள்கிறது.

வந்தாறுமூலையிலிருந்து ஒருவர்:
பி கலத்திலும் ஒரு வழி உண்டு. வெவ்வேறு பரம்பரையலகில் பழுதான இரண்டு ஆம்பர் விகாரிகள் ஒரே கலத்துக்குள் நுழைந்தால், ஒன்றிடம் இல்லாத புரதத்தை மற்றது தரும், இரண்டும் பெருகும். 1963இல் வெளிவந்த எப்ஸ்டைன் குழுவின் ஆய்வு ரி4இன் பரம்பரையலகுகளை இப்படித்தான் பிரித்தறிந்தது. (ஆம்பர் என்ற பெயரும் அந்த வட்டத்திலிருந்த பேர்ன்ஸ்டைனால் வந்தது, ஜேர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆம்பர் என்றே பொருள்.) பழுது இரண்டிலும் ஒரே பரம்பரையலகில் என்றால், சேர்த்து விட்டாலும் பெருகுவது அரிது.