ஷாம்பேரி யானை நீரூற்று: ஆல்ப்ஸ் அடிவாரத்தில் யானை எப்படி வந்தது?

வைகைக்கரை:
போன வாரம் பிரான்சில் லியோனிலிருந்து ஆன்சி போகிற வழியில் ஷாம்பேரியில் இறங்கினோம். ஊர் நடுவில் ஒரு பெரிய நீரூற்று. நாலு திசைக்கும் நாலு யானை, தும்பிக்கையிலிருந்து தண்ணீர் கொட்டுது. மேலே உயரமான தூணில் ஒரு ஆள் நிற்கிறார். சுற்றி வந்து பார்த்தால் ஒரு யானைக்கும் பின்பாதியே இல்லை! ஹானிபால் யானைப்படையோடு ஆல்ப்ஸைத் தாண்டினதுக்கு வைத்த சின்னம் என்று என் பையன் சாதிக்கிறான். உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

புதுவை செல்வி:
ஹானிபால் இல்லைண்ணா. நான் இந்த ஊர்லதான் குடியிருக்கேன், ஊரைச் சுத்திப் பார்க்க வர்ற எங்க சொந்தக்காரங்களும் முதல்ல அதைத்தான் சொல்வாங்க. அது நம்ம நாட்டு யானையேதான்.

மேல நிக்கிறவர் பெனுவா த புவாஞ். 1751-ல இதே ஊர்ல தோல் வியாபாரி வீட்டுல பிறந்தவர். பிரெஞ்சுப் படை, ரஷ்யப் படைன்னு சுத்திட்டு இந்தியாவுக்கு வந்து, குவாலியரை ஆண்ட மராட்டியத் தலைவர் மகாதாஜி சிந்தியாகிட்ட சேர்ந்தார். மராட்டியப் படைக்கு ஐரோப்பிய முறையில பயிற்சி கொடுத்து, 1790-ல ராஜஸ்தான்ல பாட்டன், மேர்தாங்கிற ஊர்கள்ல நடந்த சண்டைகளை ஜெயிச்சுக் கொடுத்தவர் இவர்தான். 1796-ல பெரும் சொத்தோட கிளம்பிட்டார். கடைசியில சொந்த ஊருக்கே திரும்பி, ஆஸ்பத்திரிக்கும் ஏழைகளுக்கும் அள்ளிக் கொடுத்தார். 1830-ல இறந்தார். நீரூற்று திறந்தது 1838 டிசம்பர்ல. அப்போ இது பிரான்சே இல்லை, சார்டீனியா ராஜா ஆட்சி. பிரான்சோட சேர்ந்தது 1860-லதான்.

கிட்டப் போய்ப் பாருங்க. யானைங்க வார்ப்பிரும்பு. தலை, தோள், முன்னங்கால் வரைக்கும்தான் இருக்கும், மிச்சம் நடுப்பீடத்துக்குள்ள போயிடும். மேலிருந்து பார்த்தா சவோய் (இந்த வட்டாரத்தோட பேர்) கொடியில இருக்கிற சிலுவை மாதிரி வரணும்னு அப்படி வச்சிருக்காங்க. தூணும் பனைமர அடிமரம் மாதிரி செதுக்கினது. மொத்த உயரம் 17.65 மீட்டர். ஊர்க்காரங்க இதைக் கூப்பிடுறதே ‘குண்டி இல்லாத நாலு பேர்’னுதான்! தளபதி பேரை யாரும் எடுக்க மாட்டாங்க. சிற்பி கிரெனோபிள்காரர், சாப்பே. அந்த ஊர்ல பாம்போட மல்லுக்கட்டுற சிங்கம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுவும் இவர் கைவேலைதான்.

இன்னொரு வேடிக்கை: இத்தனை யானையை வச்சுட்டு, ஆளுக்குப் போட்டிருக்கிறது சார்டீனியா ராணுவ லெப்டினன்ட் ஜெனரல் உடுப்பு. பேர் வாங்கினது ஒரு படையில, சிலையில இருக்கிறது வேற படை உடுப்பு!

சரித்திரப்பிரியன்:
செல்வி அவர்கள் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். சிந்தியாவிடம் போகும் முன் இவர் மதராஸில் இருந்தார். 1778-ல் வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் 6-வது சுதேசிக் காலாட்படையில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். 1780-ல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள் அல்லவா? இவருடைய பட்டாளமும் அதில் மாட்டியது. இவர் மட்டும் மதராஸிலிருந்து தானிய வண்டிகளுக்குக் காவலாக வந்துகொண்டிருந்ததால் பிழைத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அன்று அந்தக் காவல்வேலை இல்லையென்றால் ஷாம்பேரியில் யானையும் இல்லை.

கொல்லிமலை:
எல்லாம் சரி. அந்தக் காசு யாருடையது? அள்ளிக் கொடுத்தார், அள்ளிக் கொடுத்தார் என்கிறீர்கள். சிந்தியா இவர் படைச் செலவுக்கு எழுதிக் கொடுத்தது அலிகார் பக்கத்து நிலவரி. கங்கை யமுனைக்கு நடுவில் உழுதவன் கட்டினது.

புதுவை செல்வி:
அதை நான் மறுக்கலையே. ஜாகீர் வரி, அவுரி வியாபாரம், எல்லாம் அங்கே சம்பாதிச்சதுதான். யானை நாலையும் கோட்டை வரைக்கும் இணைக்கிற வளைவுமாடத் தெருகூட அவர் காசுல வெட்டினதுதான், தெருவுக்கு அவர் பேரு. எனக்கு எரிச்சல் வேற இடத்துல. பீடத்துல பாரசீக, மொகலாய, இந்து ஆயுதங்களை அழகா செதுக்கியிருக்காங்க. அந்த ஆயுதத்தைப் பிடிச்ச சிப்பாய் ஒருத்தன்கூட இல்லை.

வைகைக்கரை:
நன்றி செல்வி, நன்றி சார். பையனுக்கு ஹானிபால் போனதில் வருத்தம்தான். இவருக்குக் குடும்பம்?

சரித்திரப்பிரியன்:
இந்தியாவில் நூர் பேகம் என்ற முஸ்லிம் பெண்ணோடு வாழ்ந்தார். இரண்டு குழந்தைகள். இங்கிலாந்துக்கு எல்லாரும் வந்த பிறகு, 1798-ல் 17 வயது பிரபு வீட்டுப் பெண்ணான அதேல் தோஸ்மோனைக் கல்யாணம் செய்துகொண்டார். அது ஒத்துவரவில்லை. நூர், ஹெலன் பென்னட் என்ற பெயரில் சசெக்ஸில் வாழ்ந்து 1853-ல் இறந்தார், கல்லறை ஹார்ஷாமில்.

புதுவை செல்வி:
அதேலுக்குப் பிள்ளை இல்லை. சொத்தும் கோமகன் பட்டமும் போனது நூரோட மகன் சார்ல் அலெக்ஸாந்தருக்கு. அவருக்கு ஏகப்பட்ட பிள்ளைங்க. அதனால இந்த ஊர் த புவாஞ் வம்சம் அத்தனையும் அந்த அம்மா வழிதான்.