மறு: ‘கன்ஃபார்மல் மெஷ்’ தமிழில்: ‘பொதுக்கணு வலை’ சரியாக வருமா?

வணக்கம்ங்க. ஒரு பொருளின் சூட்டையோ விசையையோ கணினியில் கணக்கிட, அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்போம். அந்தத் துண்டுகளின் தொகுப்பு வலை (மெஷ்), துண்டுகளின் முனைகள் கணு. ஒட்டியிருக்கும் இரண்டு பாகங்கள் எல்லையில் ஒரே கணுக்களைப் பகிர்ந்துகொண்டால் அது ‘கன்ஃபார்மல் மெஷ்’. கையேட்டில் இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி. நான் சொன்னது ‘பொதுக்கணு வலை’; அதற்கு வந்த பதில்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘இணக்க வலை’ என்று வைக்கலாம். இரண்டு பாகங்களின் வலைகளும் இணங்கிப் போகின்றன என்ற பொருள் கிடைக்கும்.

பேராசிரியர் ஐயா, காதுக்கு இதமான சொல்தான். ஆனாலும் எனக்கு இரண்டு தயக்கம். ‘கன்ஃபார்மல்’ என்பது கணிதத்தில் கோணம் மாறாத உருமாற்றத்தைக் குறிக்கும். நம் வலைக்கும் கோணத்துக்கும் சம்பந்தமில்லை. அதனால் மூலச்சொல்லைப் பெயர்க்காமல், உள்ளே நடப்பதைப் பார்த்துப் பேர் வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். அடுத்த தயக்கம் இன்னும் பெரியது. இணங்கிப் போகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர். இங்கே எல்லையில் இருப்பது ஒன்றே ஒன்று.

இது எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. கோவை கணபதியில் ஒரு பட்டறைக்காக மோனோபிளாக் பம்ப்பின் மோட்டாருக்கு வெப்பக் கணக்குப் பார்த்தேன். உள்ளே ஸ்டாம்பிங் தகடுகளை அடுக்கிய ஸ்டேட்டர் கோர் (மோட்டாரின் சுழலாத பகுதி), வெளியே வார்ப்பிரும்பு பாடி. கோரை பாடிக்குள் அழுத்தி இறக்கியிருக்கும். ஸ்டெப் கோப்பை (பாகங்களின் முப்பரிமாண வரைபடம்) ஜிமெஷ் என்ற வலை போடும் மென்பொருளில் திறந்து மெஷ் போட்டு, எல்மர் என்ற கணக்கிடும் மென்பொருளில் ஓட்டினேன். கோரின் சூடு ஏறிக்கொண்டே போகிறது, பாடி 30 டிகிரியை விட்டு அசையவில்லை. ஒரு நாள் முழுக்கப் பொருள் குணங்களையும் எல்லை நிபந்தனைகளையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சாயங்காலம் எல்லைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், கோர் பக்கத்து முக்கோணத்தின் முனை ஒன்று பாடி பக்கத்து முக்கோணத்தின் விளிம்புக்கு நடுவில் நிற்கிறது. ஒரே இடத்தில் இரண்டு முகம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணு. கண்ணுக்கு ஒட்டியிருந்தவை கணக்கில் தொடவே இல்லை.

நம்ம பக்கத்து வெள்ளாமைக் காடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு காட்டுக்கு நடுவில் ஒரே வரப்பு என்றால் அது இருவருக்கும் பொது. ஆளுக்கொரு கிளுவை வேலி வைத்தால் நடுவில் இட்டேரி (வேலிகளுக்கு இடையே ஒடுங்கிய பாதை) விழும். என் மோட்டாருக்குள் இருந்தது அகலமே இல்லாத இட்டேரி. சூடு அதைத் தாண்டவில்லை.

தீர்வு ஒரே வரிதான். ஜிமெஷில் ஓப்பன்காஸ்கேட் (வடிவங்களைக் கையாளும் நிரல்தொகுப்பு) வழியில் வேலை செய்கிறவர்கள் ‘கோஹிரன்ஸ்’ என்று எழுதினால், எல்லாப் பாகங்களுக்கும் சேர்த்து பூலியன் ஃபிராக்மெண்ட்ஸ் (தொடும் முகங்களை ஒன்றாக்கும் கட்டளை) நடந்துவிடும். சலோமி என்ற இன்னொரு மென்பொருளில் இதே வேலைக்குப் ‘பார்ட்டிஷன்’. ஒரே அளவுள்ள இரண்டு கனசதுரங்களை முகத்தோடு முகம் ஒட்டி வைத்து நீங்களே செய்து பாருங்கள். முன்பு 12 முகம், 24 விளிம்பு, 16 முனை. பிறகு 11 முகம், 20 விளிம்பு, 12 முனை. குறைந்துபோன அந்த ஒரு முகத்துக்கும் நாலு விளிம்புக்கும் நாலு முனைக்கும்தான் நாம் பேர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதன் பிறகு போடும் வலையில் அந்த முகத்துக் கணுக்கள் இரு பாகத்துக்கும் சொந்தம்.

> ‘பொருந்து வலை’ போதுமே. எளிது, யாருக்கும் புரியும்.

ஈரோட்டு அண்ணா, நானும் முதலில் இதைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் பொருந்துவது வேறு, பொதுவாக இருப்பது வேறு. ஜிமெஷில் ‘பீரியாடிக்’ என்று கொடுத்தால் ஒரு முகத்தில் உள்ள கணுக்களின் அச்சு அப்படியே எதிர்முகத்தில் விழும். ஒன்றுக்கு ஒன்று பொருந்தும், ஆனால் கணு எண்கள் வேறு வேறு. மோட்டாரின் ஒரு துருவத் துண்டை மட்டும் வெட்டிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். ‘பொருந்து வலை’யை அதற்கென்று ஒதுக்கி வைத்துவிடலாம்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. கால்குலிக்ஸ் என்ற கணக்கிடும் மென்பொருளில் ‘டை’ (கட்டு) கொடுத்தால், ஒரு பக்கத்துக் கணுவை எதிர்ப்பக்க முகத்தோடு சமன்பாட்டால் கட்டுவார்கள். இதற்குச் சொல் நம் தறிக்காரர்களிடமே இருக்கிறது. பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) தீர்ந்ததும் பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். இழை இரண்டு, நடுவில் முடிச்சு. டையில் இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே அது ‘பிணைப்பு வலை’. வலை பொருந்தாத இடத்தில் பிணைத்தால் எல்லையை ஒட்டிய தகைவு (ஸ்ட்ரெஸ்) கொஞ்சம் கரடுமுரடாக வரும். பொதுக்கணுவில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் படிக்கிறவர் எதை நம்புவார்?

ஆக என் முன்மொழிவு: பொதுக்கணு வலை, பொதுமுகம். கணு ஏற்கெனவே நம்மிடம் நிலைத்த சொல். கரும்பில்கூட ஒரு கணு மேல் கரணைக்கும் கீழ்க் கரணைக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது.

> பட்டறையில் எல்லோரும் ‘மெஷ்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆமாங்க, நானும் பேசும்போது அப்படித்தான் சொல்கிறேன். பேச்சில் அது இருக்கட்டும். கையேட்டில்தான் மூன்றையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

நேற்று இந்தச் சொல்லைப் பட்டறையில் ஐடிஐ முடித்துவிட்டு வந்திருக்கும் தம்பியிடம் விளக்கம் எதுவும் தராமல் சொல்லிப் பார்த்தேன். “கோருக்கும் பாடிக்கும் பொதுக்கணு வலை போட்டிருக்கிறேன்” என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, “அப்ப கோர் பாடிய விட்டுக் கழலவே கழலாதுங்களாண்ணா?” என்று கேட்டான். கழலாது. வழுக்கவும் வழுக்காது. ரோட்டர் சுழலும் இடத்தில் இதைப் போடக்கூடாது என்பதற்குக் காரணமும் அதுதான். அவன் அதைச் சொல்லிலிருந்தே எடுத்துக்கொண்டான். ‘இணக்க வலை’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இனி பூலியன் ஃபிராக்மெண்ட்ஸ் என்ற கட்டளைக்கு ஒரு வினைச்சொல் வேண்டும். ‘பகிர்வெட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனதுக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பாகங்களையும் அது வெட்டித் தனித்துண்டாக்கும், தொடும் முகங்களையும் ஒன்றாக்கும். இரண்டும் சேர்ந்து வருகிற சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.